இரண்டு கணக்கிலும் வராத உளுந்து

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் தேதி லயன்ஸ் என்னும் சேவைச் சங்கங்களில் பொறுப்புகள் கைமாறும். தலைவர் முன்னாள் தலைவராவார், துணைத் தலைவர் தலைவராவார், செயலாளர் பதவிக்கு மட்டும் யாரும் வாய் திறக்காமல் எல்லாரும் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் நான் தெரியாத்தனமாக நிமிர்ந்து பார்த்துவிட்டேன். மறுவாரமே முந்தைய செயலாளர் தம் காரிலிருந்து மூன்று அட்டைப் பெட்டிகளை இறக்கி, சிங்கப்பூரில் என் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி வரை சுமந்துவந்து வைத்துவிட்டு, பெண்ணைக் கரையேற்றிய தகப்பனைப் போல நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே போனார். பெட்டிகளுக்குள் எங்கள் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளும் வரவுசெலவு ஏடுகளும் இருந்தன. கரப்பான் மருந்தின் வாடையும் பழைய தாளின் வாடையும் சேர்ந்து இரண்டு நாள் என் வரவேற்பறையில் தங்கியிருந்தன.

அவற்றைப் பிரித்துப் படிக்கத் தூண்டியது கடமையுணர்ச்சி என்று சொன்னால் அது பொய். எண்பதுகளில் என் அப்பா இதே சங்கத்தின் பொருளாளராக இருந்தார். 2009இல் அவர் காலமானார். சற்றே வலப்புறம் சாய்ந்து, ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோட்டுடன் வரும் அவருடைய கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் ஏடுகளைப் புரட்டினேன். அப்பா கிடைத்தார், பக்கம் பக்கமாகக் கிடைத்தார். பலூன் வாங்கிய 14 வெள்ளி 60 காசு, முதியோர் இல்லத்துக்குப் பேருந்து வாடகை, பார்வையற்றோருக்கான விருந்தில் உடைந்த இரண்டு கண்ணாடிக் குவளைகளுக்கான ஈடு என்று எதையும் விடாமல் எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இரவு முழுக்க விளக்கெரிந்ததற்கான தடயம் எங்கும் இல்லை. அம்மா இல்லை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த குறிப்பேடுகளில், 'சிற்றுண்டி வழங்கப்பட்டது' என்று பொருள்படும் ஒரு வரி மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. வழங்கியவர் யார் என்பதை அந்த வரி சொல்லவில்லை.

இது புகார்ப் பட்டியலன்று. இந்தச் சங்கம் எனக்குத் தந்தவற்றைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். அதற்கு அதன் வரலாற்றைத் தொட வேண்டியிருக்கிறது, வரலாற்றைத் தொட்டால் உளுந்தில் போய் முடிகிறது.

சேவைச் சங்கம் என்ற வடிவம் அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தது. 1905 பிப்ரவரி 23ஆம் தேதி பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் ஓர் அலுவலக அறையில் கூடினார். தொடக்கத்தில் உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிக் கூடியதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. தமிழ்நாட்டில் அதைச் சுழற்சங்கம் என்று அழகாகவே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதி முகவர், தாம் சேர்ந்திருந்த வணிகர் வட்டம் உறுப்பினர்களின் தொழில் ஆதாயத்தையே சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் அலுத்துப்போய், இத்தனை திறமையையும் ஊருக்குப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்டார். 1917 ஜூன் 7ஆம் தேதி அவர் கூட்டிய கூட்டத்திலிருந்தும் அதே ஆண்டு அக்டோபரில் டல்லஸில் நடந்த முதல் மாநாட்டிலிருந்தும் லயன்ஸ் இயக்கம் வளர்ந்தது. உறுப்பினர்களின் பண ஆதாயத்தை எந்தச் சங்கமும் தன் நோக்கமாகக் கொள்ளக்கூடாது என்று அந்த முதல் மாநாட்டிலேயே முடிவு செய்துவிட்டார்கள். தமிழ்நாட்டுத் திருமண அழைப்பிதழ்களில் சிலருடைய பெயருக்கு முன் 'அரிமா' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தச் சிங்கம்தான். சிங்கப்பூரில் நாங்கள் லயன்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஊர்ப் பெயரிலேயே சிங்கம் இருக்கும்போது இன்னொன்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடுவானேன் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

ஆசியாவுக்கு இந்த விதையைக் கொண்டுவந்தவர்களில் ஜேம்ஸ் டேவிட்சன் முக்கியமானவர். கனடாவில் வாழ்ந்த அவர் 1928 முதல் 1931 வரை மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி, துறைமுகம் துறைமுகமாக இறங்கி ரோட்டரி சங்கங்களை நிறுவிக்கொண்டே போனார். 1929இல் சென்னையிலும் 1930இல் சிங்கப்பூரிலும் ரோட்டரி தொடங்கியது அந்தப் பயணத்தின்போதுதான். சென்னையிலிருந்து கப்பலேறிவந்த நம் முன்னோர்களின் தடத்திலேயே இந்தச் சங்கமும் வந்து இறங்கியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. லயன்ஸ் சங்கம் இங்கே வந்தது பிறகுதான், 1958இல். சிங்கப்பூர் தன்னாட்சி பெறுவதற்கு முந்தைய ஆண்டு அது. சமூக சேவை மன்றமும் அதே ஆண்டுதான் அமைக்கப்பட்டது.

அதற்கு முன் இங்கிருந்த தமிழர்களுக்குச் சேவை என்றால் என்னவென்று தெரியாது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுத்து நடப்பவர்களுக்காகத் தண்ணீர்ப்பந்தல் போட்டவர்கள் எந்த மாநாட்டிலும் போய் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. 1923இல் இந்தியர் சங்கம், 1928இல் ராமகிருஷ்ண மிஷன், 1932இல் கோ. சாரங்கபாணி முன்னின்ற தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் எழுப்பிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி என்று இந்தச் சின்னத் தீவில் நம்மவர்கள் சேர்ந்து செய்த காரியங்களின் வரிசை நீளமானது. மளிகையிலும் துணியிலும் சம்பாதித்ததைக் கோவிலுக்கும் பொதுக்காரியங்களுக்கும் வாரிக்கொடுத்த பி. கோவிந்தசாமிப் பிள்ளையின் பெயரை, பெருமாள் கோவில் திருமண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்த யாரும் மறந்திருக்க முடியாது. அவையெல்லாம் ஒரு மொழியோ, ஒரு சமயமோ, ஓர் ஊரோ சேர்த்துவைத்த கூட்டங்கள். சேவைச் சங்கத்தின் விந்தை என்னவென்றால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவர்களை ஒரே மேசையில் உட்காரவைப்பதுதான். கட்சி அரசியலையும் சமயப் பிரிவுச் சண்டையையும் கூட்டத்தில் விவாதிக்கக்கூடாது என்பது லயன்ஸ் விதி. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் பேச என்ன மிஞ்சும் என்று என் தம்பி கேட்பான். சாப்பாடும் வேலையும் மிஞ்சும்.

அப்பா ஒரு கப்பல் நிறுவனத்தில் எழுத்தராக இருந்தார். அவருடைய மேலதிகாரி, நல்ல உயரமான யுரேஷியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழிவந்தவர்), ஒரு நாள் மாலை அவரைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். லயன்ஸில் யாரும் தாமாகப் போய்ச் சேர முடியாது, ஓர் உறுப்பினர் பரிந்துரைக்க வேண்டும். முதலாளிகளும் மருத்துவர்களும் உட்கார்ந்திருந்த அந்த மேசையில் தம்மைப் போன்ற எழுத்தருக்கு என்ன வேலை என்று அவர் தயங்கியிருக்கிறார். கணக்கு எழுதத் தெரியும் என்பது தெரிந்ததும் அவர்கள் அவரை விடவில்லை. வீட்டில் அரைக்கைச் சட்டையும் சாரமுமாக இருக்கும் அப்பா, மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமைகளில் கழுத்துப்பட்டை கட்டி, சட்டைக் காலரில் சிங்க முத்திரையைக் குத்திக்கொண்டு புறப்படுவதை நாங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம்.

பெண்கள் அன்று உறுப்பினராக முடியாது. ரோட்டரியிலும் அதே நிலைதான். உறுப்பினர்களின் மனைவியர் விருந்துகளுக்கு வரலாம், பரிசுப் பொட்டலங்கள் கட்டலாம், சமைக்கலாம். எங்கள் சங்கத்தின் பெரிய நிதித்திரட்டு ஆண்டுக்கொரு முறை நடக்கும் கேளிக்கைச் சந்தை, எங்கள் வாய்ப்பேச்சில் ஃபன்ஃபேர். அதில் அம்மாவின் வடைக் கடைக்கு நிரந்தர இடம் உண்டு. அங் மோ கியோ வட்டாரத்தில் எங்களுடைய மூவறை வீட்டில் அப்போது மின்சார ஆட்டுக்கல் இல்லை. முதல் நாள் இரவு அம்மாவும் பக்கத்துப் புளோக்கிலிருந்து வந்த இரண்டு அக்காமார்களும் மாறி மாறி ஆட்டுக்கல்லில் ஆட்டுவார்கள். கீழ்வீட்டுச் சீனக் குடும்பத்துக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று கல்லுக்கடியில் இரண்டு கோணிச் சாக்கை நான்காக மடித்துப் போட்டிருப்பார் அம்மா. அப்படியும் ஒரு வருடம் கீழ்வீட்டு அம்மா மேலே ஏறி வந்துவிட்டார். அம்மாவுக்கு மலாய் கொஞ்சம் தெரியும், அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் தெரியும். இரண்டு கொஞ்சமும் சேர்ந்து, விடியற்காலை நான்கு மணிக்கு முதல் ஈடு வடை கீழ்வீட்டுக்குப் போவது என்ற உடன்படிக்கையில் முடிந்தது. அடுத்த ஆண்டு அவர் சத்தத்துக்காகக் காத்திருந்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. சந்தையில் பணம் கைமாறாது, சீட்டுத்தான். ஐம்பது காசுச் சீட்டு ஒன்றுக்கு இரண்டு வடை. மாலையில் அப்பா எண்ணெய்ப் பிசுக்கேறிய சீட்டுகளை ஐம்பது ஐம்பதாக ரப்பர் பட்டையில் கட்டி எண்ணுவார்.

இங்கேதான் கணக்கின் சூட்சுமத்தைச் சொல்ல வேண்டும். நானும் தொழிலால் கணக்கர், ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லயன்ஸ் சங்கத்துக்கும் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று நிர்வாகக் கணக்கு: உறுப்பினர் சந்தா, அபராதம் போன்றவை அதில் சேரும், கூட்டச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அதிலிருந்து போகும். மற்றொன்று சேவைக் கணக்கு: பொதுமக்களிடம் திரட்டிய பணமெல்லாம் அதில்தான் சேர வேண்டும், அது மீண்டும் பொதுமக்களுக்கே போக வேண்டும். அந்தப் பணத்தில் உறுப்பினர்கள் ஒரு கோப்பிக்குக்கூடக் கை வைக்கக்கூடாது. தெருவில் நின்று உண்டியல் ஏந்துவதற்கே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டிய ஊரில் இந்தக் கட்டுப்பாடு எங்களுக்குப் பெரிய சுமையாகத் தெரிந்ததில்லை. அப்பாவின் ஏடுகளில் இந்த இரண்டு கணக்கும் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்தே நிற்கின்றன. வடைச் சீட்டின் வருமானம் சேவைக் கணக்கில் காசு பிசகாமல் ஏறியிருக்கிறது. ஆனால் வடைக்கான உளுந்து, எண்ணெய், பச்சை மிளகாய், வெங்காயம் எதுவும் நிர்வாகக் கணக்கிலும் இல்லை, சேவைக் கணக்கிலும் இல்லை. அது எங்கள் வீட்டு மளிகைப் பணத்தில் வந்தது. நன்கொடை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அம்மாவின் பெயர் வரலாற்றில் ஏறியிருக்கும். இரண்டு குவளைகளை எழுத மறக்காத அப்பாவுக்கு அது தோன்றவே இல்லை. தம் மனைவியின் உழைப்பைக் கணக்கில் காட்டுவது தற்பெருமை என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் காலத்து ஆண்களின் அடக்கத்தில் இப்படி ஒரு கோணலும் உண்டு.

பெண்களுக்கு வாசல் திறந்த கதை சுவையானது. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சிற்றூரின் ரோட்டரி சங்கம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தலைமையகம் அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே மாதம் டுவார்ட்டே பக்கமே தீர்ப்பு வந்தது. லயன்ஸ் அதிக நாள் தாமதிக்கவில்லை, அதே ஆண்டு தைப்பேயில் நடந்த மாநாட்டில் பெண்களையும் உறுப்பினராக்கத் தீர்மானம் நிறைவேறியது. ரோட்டரி 1989இல் தன் விதியை உலகம் முழுவதற்கும் திருத்தியது. 2018இல் ஐஸ்லாந்தைச் சேர்ந்த குட்ரூன் இங்வதோத்திர் லயன்ஸின் முதல் பெண் அனைத்துலகத் தலைவரானபோது நான் அந்தச் செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'அங்கே வடை யார் சுடுவாங்களாம்?' என்று கேட்டுவிட்டு அவர் கீரையை ஆயத் தொடங்கினார்.

அம்மா உறுப்பினராகவே இல்லை. வாசல் திறந்த பிறகு அப்பாவே ஒரு முறை படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். 'சந்தா கட்டிட்டு வடை சுடணுமா?' என்று கேட்டு அதை மடித்து அரிசி டின்னுக்கடியில் வைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அப்பாவிடமும் பதில் இல்லை, எனக்கும் இன்றுவரை கிடைக்கவில்லை.

நான் சேர்ந்தது 2004இல். அப்பாவுக்கு நடக்க முடியாமல் போனபோது அவரைக் கூட்டங்களுக்கு அழைத்துப்போய், வாசலில் காத்திருந்து, பிறகு உள்ளே உட்கார்ந்து, பிறகு கையெழுத்துப் போட்டேன். பெரிய இலட்சியம் எதுவும் இல்லை. முதல் கூட்டத்திலேயே இரண்டு வெள்ளி அபராதம் கட்டினேன். லயன்ஸ் சங்கங்களில் 'டெயில் டுவிஸ்டர்' என்று ஒரு பொறுப்பாளர் உண்டு, வால் முறுக்குபவர் என்றுதான் தமிழில் சொல்ல வேண்டும். சோம்பிய மாட்டை வாலை முறுக்கி ஓட்டும் வண்டிக்காரரைப் போல, அவர் கூட்டத்தைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முத்திரை குத்தாமல் வந்தால் அபராதம், கைப்பேசி ஒலித்தால் அபராதம், சில சமயம் மிக அழகாக உடுத்தி வந்ததற்கும் அபராதம். அவர் விதித்ததை எதிர்த்து முறையிட முடியாது, ஆனால் ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் விதிக்கவும் முடியாது. அவருக்கே அபராதம் விதிக்க வேண்டுமானால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். விளையாட்டுக்கும் சட்டம் எழுதி வைத்திருக்கும் இந்தச் சிரத்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நிறுவனத் தலைவரும், பள்ளியில் துப்புரவுப் பணியை மேற்பார்வை செய்த ஓர் அண்ணனும் ஒரே தட்டில் இரண்டு வெள்ளியைப் போட்டுவிட்டு அசடு வழிவதை வேறெங்கே பார்க்க முடியும்?

கண் பரிசோதனைதான் எங்கள் சங்கத்தின் முதன்மையான வேலை. 1925இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து கண்ணும் லயன்ஸும் பிரியாதவை. இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் பார்வையற்ற ஒருவர் கறுப்புக் கைத்தடியுடன் சாலையைக் கடக்கத் தவித்ததைக் கண்ட ஜார்ஜ் பானம் என்ற லயன்ஸ் உறுப்பினர், தடிக்கு வெள்ளையடித்தால் வாகன ஓட்டிகளுக்குத் தெரியுமே என்று யோசித்தார். 1930இல் அவருடைய சங்கம் வெள்ளைத் தடிகளை வழங்கத் தொடங்கியது. எங்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களிடையே அது 9.7 விழுக்காடு. நீரிழிவு விழித்திரையைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலியும் தெரியாது, மங்கலும் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

மாதிரிக்கு ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண்களுக்கிடையே நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, சுவரில் எழுத்து அட்டையை ஒட்டி, ஆறு மீட்டர் அளந்து தரையில் வண்ண நாடா ஒட்ட வேண்டும். மருத்துவப் பகுதியைத் தகுதி பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாடாவும் நாற்காலியும் வரிசையும் எங்கள் பாடு. நான் முதன்முதலாக நாடா ஒட்டிய அன்று, அளவுநாடாவின் மடிந்த நுனியைக் கவனிக்காமல் ஒரு மீட்டர் குறைத்து ஒட்டிவிட்டேன். அன்று காலை ஒரு மணி நேரம் அங் மோ கியோவில் எல்லாருக்கும் கண் பிரமாதமாகத் தெரிந்தது. சந்தேகப்பட்ட கண் பரிசோதகர் தாமே அளந்து பார்த்ததும், இருபதுக்கும் மேற்பட்டவர்களை நான் தேடித் தேடி மறுபடியும் கூப்பிட வேண்டியதாயிற்று. சிலர் சந்தைக்குப் போய்விட்டார்கள். ஒரு தாத்தா, முதலில் வந்த முடிவே தமக்குப் போதும் என்று எழுந்துவர மறுத்துவிட்டார்.

ஆங்கில எழுத்து தெரியாதவர்களுக்காக ஓர் அட்டை உண்டு. அதில் 'ஈ' எழுத்தின் வடிவம் மட்டும் பல திசைகளில் திரும்பியிருக்கும். கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். ஒரு முறை தமிழ்ப் பாட்டி ஒருவர் ஒரு கண்ணைக் காகிதக் குவளையால் மூடிக்கொண்டு, 'மேலே, இந்தப் பக்கம், கீழே, கீழே, அந்தப் பக்கம்' என்று கடைசி வரி வரைக்கும் தடங்கலின்றிச் சொன்னார். எல்லாம் சரி. ஆனால் நான் அட்டையைச் சுட்டத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார். வரிசையில் தமக்கு முன் நின்ற எட்டுப் பேர் சொன்னதைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். அட்டையைத் தலைகீழாகத் திருப்பியபோது இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டது. 'ஏன் பாட்டி?' என்றேன். கண் தெரியவில்லை என்று தெரிந்தால் மகன் தம்மைத் தனியாக வெளியே விடமாட்டான் என்றார். அவருக்குக் கண்புரை இருந்தது. பலதுறை மருந்தகத்துக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். கடிதம் கொடுத்தவர்கள் போனார்களா என்று வாரம் ஒரு முறை தொலைபேசியில் கேட்க வேண்டும். புகைப்படத்தில் வராத, யாரும் கைதட்டாத வேலை அது. பாட்டி நான்கு முறை 'போறேன்' என்றார், ஐந்தாம் முறை தொலைபேசியை எடுக்கவில்லை. பல மாதங்கள் கழித்து ஈரச்சந்தையில் மீன்கடை முன்னால் யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். 'குரலை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். உனக்கு இவ்வளவு நரையா? அன்னைக்குத் தெரியலையே' என்றார் பாட்டி. இருபது ஆண்டுகளில் எனக்கு இரண்டு பாராட்டுக் கேடயங்கள் கிடைத்துள்ளன, இரண்டும் அலமாரியின் மேல் இருக்கின்றன. பாட்டி சொன்னதைத்தான் நான் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் 2015இல் இறந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறைய. அவர்கள் போன பிறகு வீடு இன்னும் பெரிதாகிவிடும். சங்கத்திலிருந்தும் மாலையும் பண உறையுமாக வந்து போனார்கள். நாற்பது நாள் ஆனதும் அப்போதைய தலைவர், ஒரு சீனப் பெண்மணி, தொலைபேசியில் கூப்பிட்டு, சனிக்கிழமை நாற்காலி அடுக்க ஆள் போதவில்லை, வர முடியுமா என்று கேட்டார். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று தம்பிக்குக் கோபம். நான் போனேன். இருநூறு நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினோம். அவர் என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை, கையுறை மட்டும் கொடுத்தார். வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து அன்றிரவு பல நாள்களுக்குப் பிறகு தூங்கினேன். ஆள் போதவில்லை என்பது உண்மையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தொண்டால் மன நிறைவு வரும் என்று மேடைகளில் பேசுகிறவர்களை நான் மறுக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது தூக்கம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாலு பேர் முன்னால் எழுந்து பேசக் கற்றுக்கொண்டேன். என்னைவிட இளையவர் தலைமை ஏற்றபோது வாயை மூடிக்கொண்டிருக்கவும் கற்றுக்கொண்டேன், இது முன்னதைவிடக் கடினம். பிடிக்காதவர்களோடும் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்று தெரிந்தது. குறைகளும் இல்லாமலில்லை. எங்கள் கூட்டத்தில் ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இளையர்களுக்குத் தொண்டில் ஆர்வமில்லை என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. அவர்கள் இணையத்தில் பதிந்துகொண்டு ஒரு சனிக்கிழமை வந்து முழு மனத்தோடு உழைத்துவிட்டுப் போகிறார்கள். குறிப்பேடும் சந்தாவும் வால் முறுக்குபவரும்தான் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட, ஒரு சனிக்கிழமைக்கு அப்பாலும் இருக்கிற ஒரு கூட்டம் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

சென்ற ஆண்டு சங்க மலருக்காகப் பழைய வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். தலைவர்களின் பட்டியலுக்குப் பின், சமைத்த பெண்களுக்கென்று ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கினேன். குழுவில் யாரும் மறுக்கவில்லை. எங்கள் இளம் பொருளாளர் மட்டும், அந்தச் செலவை இப்போதாவது நன்கொடையாகக் காட்ட முடியுமா, முடியுமானால் எந்தக் கணக்கில் என்று மெய்யான அக்கறையோடு கேட்டார். கணக்கர் புத்தி எனக்கும் விழித்துக்கொண்டது. அம்மாவின் அலமாரியில் அப்பாவின் வீட்டுச் செலவுப் புத்தகங்கள் இருந்தன. 1983ஆம் ஆண்டுப் புத்தகத்தில், சந்தைக்கு இரண்டு நாள் முன்னால், 'உளுந்து 4 கிலோ' என்று அதே சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார். சங்க ஏட்டிலோ வடைக் கடைக்கு 162 சீட்டு, 81 வெள்ளி என்றிருந்தது. சீட்டுக்கு இரண்டு என்றால் 324 வடை. கிலோவுக்கு அறுபத்தைந்து வடை என்பது அம்மாவின் மாறாத கணக்கு. நாலு கிலோவுக்கு 260தான் வரும். அறுபத்து நான்கு வடை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் ஏட்டில் பிழை இருக்கும் என்று நினைக்க மனம் வரவில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. சக்கர நாற்காலியில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம் இரண்டு புத்தகங்களையும் விரித்து வைத்துக் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவும் இல்லை.

'அஞ்சு கிலோ. உங்கப்பாகிட்ட நாலுன்னு சொன்னேன். ஒரு கிலோ என் கைக்காசு.'

நான் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். அப்படியானால் 325 வடை, விற்றது 324. ஒன்று குறைகிறதே என்றேன்.

'அது நீ தின்னது' என்றார்.